புதிய கருப்புக் கார்: பெயின்ட்டைக் காப்பது எப்படி?

கேட்டவரின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாளில் கருப்பு நிற எஸ்.யு.வி. ஒன்று அவருக்கு டெலிவரி ஆகிறது. வீடு தென்சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். தண்ணீர் போர்வெல் தண்ணீர். வண்டி நிற்கப்போவது ஒரு புங்க மரத்தடியில், பாதி கூரை, பாதி வெட்டவெளி. குடியிருப்பில் தினமும் காலையில் ஒருவர் வந்து எல்லா வண்டிகளையும் துடைத்துவிட்டுப் போகிறார். ஷோரூமில் கால் லட்ச ரூபாய்க்கு ஒரு 'கோட்டிங் பேக்கேஜ்' எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதை எடுக்கலாமா, வேறு என்ன செய்ய வேண்டும், அல்லது புக்கிங்கையே வெள்ளை நிறத்துக்கு மாற்றிவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பதும், கெட்டுப்போன பெயின்ட்டைத் திருத்துவதும் பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். என்னிடம் வந்த கருப்பு வண்டிகளில் வெயிலால் கெட்டவை சில, மழையால் கெட்டவை மிகச் சில, ஆனால் துடைத்துத் துடைத்தே கெட்டவைதான் பெரும்பாலானவை. ஆகவே கோட்டிங்கைப் பற்றிய பேச்சைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த வண்டியின்மேல் யாருடைய கை, எந்தத் துணியோடு, எத்தனை முறை படப்போகிறது என்பதை முதலில் பேசுவோம்.

பெயின்ட் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது உண்மையில் நான்கு அடுக்குகள். தகரத்தின்மேல் துருவைத் தடுக்க, மின்சாரம் செலுத்திப் படியவைக்கும் ஓர் அடுக்கு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறத்தைத் தருகிற பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடிபோன்ற கிளியர் கோட். இந்த நான்கையும் சேர்த்துத் தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட்டின் கனம் ஏறக்குறைய 100 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும். நாம் பிரிண்ட் எடுக்கும் ஓர் ஏ4 தாளின் கனம் கிட்டத்தட்ட 100 மைக்ரான். அதாவது, மொத்தப் பெயின்ட்டும் ஒரு தாளைவிடச் சற்றே கூடுதல் கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான், பாதித் தாள்கூடத் தேறாது. வண்டியின் பளபளப்பு முழுவதும் இந்தப் பாதித் தாளுக்குள் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து அடியிலுள்ள நிறத்தைக் காக்கும் பொருள்களும் இதற்குள்தான் கலக்கப்பட்டிருக்கின்றன. இதைத் தேய்க்கலாம், ஆனால் தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

வெள்ளை வண்டியின் கிளியர் கோட்டும் கருப்பு வண்டியின் கிளியர் கோட்டும் ஒன்றே. கருப்பில் மட்டும் கீறல் அதிகம் விழுகிறது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. இரண்டிலும் ஒரே அளவு விழுகிறது, கருப்பில் மட்டும் தெரிகிறது. மெல்லிய கீறலின் விளிம்பில் பட்ட ஒளி சிதறி வெண்மையாகக் கண்ணுக்கு வருகிறது; பின்னணி வெள்ளையாக இருந்தால் அந்த வெண்மை அதில் கரைந்துவிடும், கருப்பாக இருந்தால் தனித்து நிற்கும். பல ஆண்டுகள் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். வண்டியிலும் அதுவேதான். கோடுகள் வட்டமாகத் தெரிவதால் 'வட்டமாகத் துடைத்ததால் வந்த கோடு' என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே மின்னுவதால் கண்ணுக்கு வட்டம்போலத் தோன்றுகின்றன. அதனால்தான் நிழலில் புத்தம்புதிதாகத் தெரிந்த வண்டி பெட்ரோல் பங்க்கின் விளக்குக்கு அடியில் நின்றதும் பத்து வயது கூடியதாகத் தெரிகிறது.

இனி டெலிவரிக்கு வருவோம். புதிய கருப்பு வண்டியின் முதல் கீறல்கள் பெரும்பாலும் உரிமையாளர் சாவி வாங்குவதற்கு முன்னரே விழுந்துவிடுகின்றன. ஸ்டாக் யார்டில் வாரக்கணக்கில் தூசியில் நின்ற வண்டியை, டெலிவரி நாள் காலையில், ஒரே வாளித் தண்ணீரில் ஐந்து வண்டி துடைத்த துணியால் அவசரமாகத் துடைத்து, மேலே பாலிஷ் போட்டு நிறுத்துவார்கள். அந்தப் பாலிஷில் உள்ள எண்ணெய்ப்பசை கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். நான்கு முறை கழுவியதும் எல்லாம் வெளியே வரும். அப்போது போய்க் கேட்டால், நீங்கள்தான் கீறினீர்கள் என்பார்கள். என் தம்பியின் கருப்பு செடானுக்கு ஒரு ஷோரூமில் இப்படித்தான் நடந்தது. அதைச் சரிசெய்ய நான் இரண்டு முழு நாள் செலவழித்தேன். கூடவே, புது வண்டியின் கிளியர் கோட்டில் சில மைக்ரானையும் செலவழிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது இழப்புதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

ஆகவே, விற்பனையாளரிடம் இப்போதே, வாய்ச்சொல்லாக மட்டுமன்றி எழுத்திலும், "வண்டியின் வெளிப்புறத்தைக் கழுவவோ, துடைக்கவோ, பாலிஷ் போடவோ வேண்டாம், தூசியோடு கொடுத்தால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டு வியப்பார்கள், ஆனால் செய்வார்கள். பதிவு எண் வாங்கும் முன் வண்டியை நேரில் பார்க்கச் செல்லும்போது கைபேசியின் விளக்கைப் பானெட், கதவு, கூரை ஆகியவற்றின்மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வழியில் எங்கேயாவது உரசி, மறுபடி பெயின்ட் அடித்த பலகம் (கதவு, பானெட் போன்ற தனித் தகடு) இருந்தால், பக்கத்துப் பலகத்தோடு ஒப்பிடும்போது ஆரஞ்சுத் தோல் போன்ற அதன் மேற்பரப்பு மாறித் தெரியும். கனம் அளக்கும் கருவி கையிலுள்ள ஒருவரை அழைத்துச்செல்ல முடிந்தால் ஐயமே இருக்காது. ஒரு பலகம் மட்டும் 250 மைக்ரான் காட்டினால் அது தொழிற்சாலைப் பெயின்ட் அல்ல.

பூஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் புது வண்டியின்மேல் முதலில் படுவது அதுதான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதாலும், பூசணிக்காய் சுற்றி உடைப்பதாலும் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. பானெட்டில் சந்தனத்தைக் குழைத்து இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, அது காய்ந்த பிறகு மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்து எடுப்பதுதான் கெடுதல். காய்ந்த சந்தனம் உப்புத்தாளைப்போல் உரசும். மலிவான குங்குமத்தில் உள்ள சாயம், பெயின்ட் அடிக்காத கருப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் ஊறி நிற்கும். பொட்டு வைக்க முன் கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் இருக்கின்றன; கண்ணாடி எதையும் தாங்கும். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால் மறுக்க வேண்டாம். வைத்துவிட்டு, அன்று மாலையே தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, தானாக வழிந்து போகவிடுங்கள். மாலையைக் கட்டும்போது நாரில் கம்பி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கும் இதே முறை.

இப்போது தினமும் காலையில் வரும் அந்தத் துடைப்புக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இரவு முழுவதும் வண்டியின்மேல் படிந்த தூசியில் மணல் துகள் இருக்கிறது. மணல் என்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. கிளியர் கோட் அதன்முன் மிக மிருதுவானது. ஈரத்துணியால் அந்தத் தூசியை இழுத்துத் துடைக்கும்போது ஒவ்வொரு துகளும் ஓர் எழுத்தாணி. அந்தத் துணி, அதே வாளியில் அலசப்பட்டு, அடுத்த வண்டியின் தூசியையும் சேர்த்துக்கொண்டு, நாளை மறுபடி வரும். ஆண்டுக்கு 300 முறை நடக்கிற இந்தச் செயலுக்கு முன் எந்தக் கோட்டிங்கும் நிற்காது. அந்தத் தொழிலாளிமீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது வண்டியை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டியவருக்கு நாம் கொடுத்திருக்கும் வழி அது ஒன்றுதான். அவருடைய மாதச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். "அண்ணே, கண்ணாடி, டயர், வீல், உள்ளே மிதியடி இவற்றை மட்டும் பாருங்கள், பாடியைத் தொடவேண்டாம்" என்று நேரில் நின்று சொல்லுங்கள். முதல் வாரம் பழக்க தோஷத்தில் துடைத்துவிடுவார். கண்ணாடியில் சிறு சீட்டு ஒன்று ஒட்டிவைத்தால் அதுவும் நின்றுவிடும். என் வாடிக்கையாளர்களில் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தவர்களின் வண்டிகள் நான்காம் ஆண்டிலும் கண்ணாடிபோல் இருக்கின்றன.

அப்படியானால் வண்டி தூசியாக நிற்குமே என்று தோன்றும். நிற்கட்டும். தூசி தானாகப் பெயின்ட்டைக் கெடுக்காது, அதைத் தள்ளும் கைதான் கெடுக்கும். டிக்கியில் ஒரு நீளப் பிடி வைத்த மெழுகுத் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்று தூசி தட்டுவோரையும் பார்க்கிறேன். அதுவும் இதே தவறுதான்.

அடுத்தது தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த உப்புகளின் அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸை, ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. தென்சென்னையின் போர்வெல்களில் 1000-ஐத் தாண்டுவது அரிதல்ல. உங்கள் தண்ணீர் 1500 என்று வைத்துக்கொள்வோம். கழுவிய பின் வண்டியின்மேல் துளித்துளியாக ஒரு லிட்டர் தண்ணீர் நின்று வெயிலில் காய்ந்தால், ஒன்றரைக் கிராம் உப்பை உங்கள் பானெட்டிலும் கூரையிலும் தூவிவிட்டுப் போகிறது என்று பொருள். பாத்ரூம் குழாயில் படிகிற அதே வெண்மை, கருப்பின்மேல் வட்ட வட்டமாக நிற்கும். புதிதாக இருக்கும்போது கழுவினால் போகும். வெயில் ஏறி நாட்கணக்கில் சுட்டுவிட்டால் கிளியர் கோட்டிலேயே பள்ளம் விழும்.

சிக்கனம் கருதிப் பலர் செய்யும் ஒரு தவறும் இங்கே உண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் சேர்த்து வைத்து அதில் வண்டி கழுவுகிறார்கள். வந்த தண்ணீரில் பாதி குடிநீராகப் போனால், மீதியில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், வண்டிக்கு வேண்டாம். அதற்கு மாறாக, நாம் வீணாக வழியவிடும் ஏ.சி. தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்தது. உப்பு அநேகமாக இல்லை. சென்னையின் ஈரக்காற்றில் ஓர் இரவு ஓடும் ஏ.சி.யிலிருந்து ஒரு வாளி கிடைத்துவிடும். அதை மெல்லிய துணியில் வடிகட்டி, கழுவி முடித்த பின் கடைசியாக ஒரு முறை மேலிருந்து ஊற்றுங்கள். மொட்டை மாடியில் டிரம் வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரும் அதே அளவுக்கு நல்லது. 2019-ஆம் ஆண்டின் கோடையைக் கண்ட ஊரில், வண்டிக்கு என்று குழாயைத் திறந்துவிட்டு நிற்க எனக்கும் மனம் வராது.

ஏற்கெனவே உப்புக் கறை விழுந்துவிட்டால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், பலகம் குளிர்ந்திருக்கும்போது, துணியில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்திவைத்து, நிறையத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். சுண்ணாம்பு வகை உப்புகள் கரைந்துவிடும். போகாதது பள்ளம், அதற்கு வினிகர் மருந்தல்ல.

கழுவும் முறை எளிது. வாரத்துக்கு ஒரு முறை, அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை போதும். வெயில் ஏறுமுன் அல்லது இறங்கிய பின், பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியாத நேரத்தில் தொடங்க வேண்டும். கையால் தொடுவதற்கு முன் முடிந்தவரை தண்ணீராலேயே மண்ணை இறக்குங்கள். சிறிய பிரஷர் வாஷரும் அதில் மாட்டும் நுரைக் குப்பியும் இருந்தால், நுரையைப் போர்த்தி ஐந்து நிமிடம் விட்டு அடித்துக் கழுவினாலே தூசியில் பெரும்பகுதி போய்விடும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் காருக்கென்று விற்கும், காரமோ அமிலமோ இல்லாத ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து ஒரு பலகத்தைக் கழுவியதும், அதை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். ஒரே வாளியில் கழுவினால் கூரையில் எடுத்த மண்ணைக் கதவில் தேய்க்கிறோம். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு வாளி. பாத்திரம் கழுவும் சோப்பும் துணி சோப்புத் தூளும் மேலே இருக்கிற மெழுகுப் பாதுகாப்பை வழித்தெடுத்துவிடும்; ஒருமுறை அவசரத்துக்கு என்றால் குற்றமில்லை, வழக்கமாகக் கூடாது.

துடைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பழைய பனியன், குற்றாலத் துண்டு, மான்தோல் எதுவும் வேண்டாம். தடிமனான பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் பலகத்தின்மேல் போட்டு, அது தண்ணீரைக் குடித்ததும் அழுத்தாமல் இழுத்தெடுத்தால் போதும். துண்டு தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. எத்தனை உதறினாலும் ஒட்டிய மண் போகாது. துவைத்த பிறகுதான் அடுத்த முறை. துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காமல், துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாமல், நிழலில் உலர்த்த வேண்டும்.

குழாய் போடவே குடியிருப்பில் அனுமதி இல்லை என்றால் 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்று ஒரு திரவம் கிடைக்கிறது. ஒரு வாளிக்கு ஓரிரு மூடி கலந்தால் போதும். மண்ணைச் சுற்றி வழுவழுப்பாகப் போர்த்தி எடுத்துவிடும், பிறகு அலச வேண்டியதில்லை. ஆறேழு சிறு துண்டுகளை அதில் ஊறப்போட்டு, ஒரு பக்கம் அழுக்கானதும் மடிப்பை மாற்றி, எல்லா மடிப்பும் முடிந்ததும் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே போக வேண்டும். சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது. நகரத்துத் தூசிக்கு மிக நன்று.

புங்க மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிழலுக்காக நான் அந்த மரத்தை விரும்பவே செய்வேன், ஏனென்றால் சித்திரை வெயிலில் கருப்புப் பலகத்தின் சூடு 70 டிகிரியைத் தாண்டுகிறது. ஆனால் மரத்திலுள்ள சிறு பூச்சிகள் கசியவிடும் இனிப்புப் பிசின் நுண்துளிகளாக இறங்கி ஒட்டும். பூ உதிரும் காலத்தில் அது பூவையும் சேர்த்து ஒட்டவைக்கும். அது காய்ந்து இறுகுமுன் வெந்நீரல்லாத வெதுவெதுப்பான தண்ணீரால் இளகவைத்துவிடலாம். மரத்தைவிட ஆபத்தானவை மரத்தில் உட்காரும் காக்கைகளும் இரவில் வரும் வௌவால்களும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அத்துடன், வெயிலில் இளகி விரிந்த கிளியர் கோட் மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவத்தை அச்சுப்போல் வாங்கிக்கொள்கிறது. கருப்பு வண்டி அதிகம் சூடாவதால் அச்சும் அதிகம் ஆழமாகப் பதிகிறது. கோடையில் ஒரு பகல்பொழுது போதும், தழும்பு நிற்க. எனவே கதவுப் பையில் ஒரு சிறு ஸ்பிரே புட்டியில் நல்ல தண்ணீரும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். எச்சத்தைக் கண்டதும் தேய்க்காதீர்கள். நனைத்து, ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, பிறகு கிள்ளியெடுப்பதுபோல் தூக்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் கவர் போட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் வரும். முழுக் கூரையுள்ள, காற்றடிக்காத இடத்தில், கழுவிய வண்டிக்குமேல் போட்டால் கவர் நல்லது. உங்கள் இடம் பாதி வெட்டவெளி. காற்றில் படபடக்கும் கவர், உள்ளே சிக்கிய மண்ணை நாளெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையில் நனைந்த கவருக்கு அடியில் நாள்கணக்கில் ஈரம் புழுங்கிப் பெயின்ட்டில் நுண்கொப்புளம்கூட வரும். நீங்கள் கவர் வாங்க வேண்டாம்.

இப்போது கோட்டிங். ஷோரூம் சொல்வது 'டெப்லான் கோட்டிங்' என்றால் கேட்காமலே மறுத்துவிடலாம். தோசைக்கல்லில் டெப்லான் ஒட்டுவதற்கு அதை 327 டிகிரிக்குமேல் உருக்க வேண்டும். வண்டியின் பெயின்ட்டுக்கு அந்தச் சூடு காட்டினால் பெயின்ட்டே எரிந்துவிடும். அந்தப் பெயரில் தடவப்படுவது சில மாதம் நிற்கும் சாதாரணப் பாலிமர் பூச்சு. அதை நீங்களே சில நூறு ரூபாயில் தடவிக்கொள்ளலாம். செராமிக் என்றால் அது வேறு. சிலிக்கா சார்ந்த திரவம் கிளியர் கோட்டோடு பிணைந்து கெட்டியாகி, ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் குறைவாகவோ ஒரு படலமாக நிற்கிறது. அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபமாகிறது, கருப்பின் ஆழம் கூடித் தெரிகிறது, எச்சத்தைத் துடைக்க நமக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது. இவை உண்மையான பயன்கள். ஆனால் '9எச் கடினம், கீறலே விழாது' என்கிற பேச்சை நம்பாதீர்கள். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் மிகக் கடினமான பென்சிலின் பெயர். அதற்கும் மோஸ் அளவுகோலின் 9-க்கும் தொடர்பில்லை. ஒரு மைக்ரான் படலம் மணல் துணியைத் தடுக்காது. இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதே இல்லை: செராமிக்கின்மேல் தண்ணீர் உருண்டை உருண்டையாக நிற்கும், பார்க்க அழகு, ஆனால் உப்புத் தண்ணீர் உருண்டையாகவே காய்ந்தால், சிதறியிருக்க வேண்டிய உப்பெல்லாம் ஒரே புள்ளியில் குவிகிறது. போர்வெல் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விடுபவருக்குச் செராமிக் உதவியைவிடத் தொல்லையே தரும்.

கீறலையும் கல்லடியையும் உண்மையில் தடுப்பது பி.பி.எஃப். (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்கிற படலம் மட்டுமே. பாலியூரித்தேனால் ஆன, 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள, ஒட்டும் படலம். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்து காக்க உருவானதன் வழிவந்தது. மேலோட்டமான கீறல்கள் வெயில் சூட்டில் தாமாக மறைந்துவிடும். முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு கோட்டிங்கைப்போலப் பல மடங்கு ஆகும்; அது தேவையென்று நான் நினைக்கவில்லை. முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவுக் கைப்பிடிகளுக்குப் பின்னுள்ள குழிகள், பெட்டி ஏற்றி இறக்கும் பின் பம்பரின் மேல்விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினால், நெடுஞ்சாலையில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போகும்போது மனம் பதறாது. உங்கள் கால் லட்சத்தை ஷோரூமில் கொடுக்காமல் இதற்குச் செலவிடுங்கள். பெயின்ட்டின்மேல் பிளேடு வைத்து வெட்டாமல், முன்னரே கணினியில் வெட்டிய படலத்தை ஒட்டுகிற கடையாகப் பாருங்கள். மற்றப் பலகங்களுக்குக் கழுவிய பின் தெளித்துத் துடைக்கும் சீலன்ட் என்கிற பாதுகாப்புத் திரவம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கார்னாபா மெழுகு கருப்பின்மேல் தரும் ஈரம்போன்ற மினுக்கம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் நம் வெயிலில் அது சில வாரங்களே நிற்கிறது.

தொழிற்சாலைப் பெயின்ட் ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் அடுப்பில் வெந்து வருவதால், இவற்றை ஒட்டவோ தடவவோ ஆறப்போடத் தேவையில்லை. பட்டறையில் மறுபடி அடித்த பெயின்ட்டுக்குத்தான், அது குறைந்த சூட்டில் காய்வதால், ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

சர்வீஸுக்கு விடும்போது 'இலவசமாக ரப்பிங் பாலிஷ் போட்டுத் தருகிறோம்' என்பார்கள். ஜாப் கார்டிலேயே 'வாஷும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம்' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். கணக்கு எளியது. கையழுத்தத்தோடு ஓட்டும் ரோட்டரி பாலிஷ் இயந்திரமும், தேய்த்தெடுக்கும் பசையான முரட்டுக் காம்பவுண்டும் தடவைக்கு 3 மைக்ரான் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு இருமுறை என்றால் ஐந்தாண்டில் 30 மைக்ரான். 40 மைக்ரான் கிளியர் கோட்டில் பிறகு என்ன மிஞ்சும்? அப்படி மெலிந்த பானெட்டும் கூரையும்தான் ஏழெட்டு ஆண்டில் வெளுத்து, தோல் உரிந்ததுபோல் நிற்கின்றன. கீறல் உண்மையாகவே மிகுந்தால், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, கனம் அளந்து பார்த்து, ஒரு மூலையில் சோதித்து, டி.ஏ. பாலிஷரால் (சுழன்றபடியே அசைந்தும் தேய்க்கும் 'டூயல் ஆக்‌ஷன்' இயந்திரம்) மென்மையான பாலிஷில் தொடங்குகிற ஒருவரிடம் கொடுங்கள். எல்லாக் கீறலையும் எடுத்துத் தருகிறேன் என்பவரைவிட, ஆழமான சிலவற்றை விட்டுவிடுவோம் என்று சொல்பவரே நல்ல கைகாரர்.

கடற்கரைச் சாலையில் போய்வந்தால் அடுத்த நாளே அடிப்பகுதியோடு சேர்த்துத் தண்ணீர் அடித்துவிடுங்கள். கல்லடி பட்டு அடித்தகரம் தெரியும் புள்ளிகளை உப்புக்காற்றுக்குத் திறந்துவைக்காமல், உங்கள் வண்டியின் நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்கிய டச்-அப் பெயின்ட்டால் உடனே அடைத்துவிடுங்கள். தீபாவளி இரவில் புஸ்வாணத்துக்கும் சரவெடிக்கும் எட்டாத தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள். மறுநாள் படிந்திருக்கும் சாம்பலைத் துடைக்காமல் ஊற்றிக் கழுவுங்கள்.

கடைசிக் கேள்வி, வெள்ளைக்கு மாற்றலாமா என்பது. வாரத்தில் ஒரு முக்கால் மணி நேரத்தை உங்களால் ஒதுக்க முடியாது என்றாலோ, குடியிருப்பில் அந்தத் தினசரித் துடைப்பை நிறுத்த வழியே இல்லை என்றாலோ, தயங்காமல் இன்றே மாற்றிவிடுங்கள். வெள்ளியும் வெள்ளையும் இந்த ஊருக்கு ஏற்ற நிறங்கள், அவற்றின்மேல் விழும் கீறலோடு நிம்மதியாக வாழலாம். அந்த முக்கால் மணி நேரம் உங்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை என்றால் கருப்பையே வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரிக்கு முன் இரண்டு வாளி, ஒரு கையுறை, இரண்டு பெரிய துண்டு, ஒரு ஷாம்பு இவற்றை வாங்கி வைத்துவிடுங்கள். டெலிவரி நாளன்று மாலை பூஜைச் சந்தனம் காயுமுன் முதல் வாளித் தண்ணீரை உங்கள் கையாலேயே ஊற்றிவிடலாம்.